மணல் திருப்பித் தராது

நீளம் தாண்டும் வீரர் 20 செ.மீ. அகலப் பலகையில் காலூன்றி எகிறுகிறார். மணலில் போய் விழுகிறார். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் என்ன என்று கேட்டால் சிரிப்பார்கள். தாவும் பயிற்சியை மணலில் செய்வதா, கெட்டித் தரையில் செய்வதா என்ற பழைய வழக்குக்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து குதித்து, தரையைத் தொட்டவுடன் மேலே எகிறும் பயிற்சியைப் பாருங்கள். பாதம் பட்டதும் கெண்டைக்கால் தசை விறைத்துக்கொள்கிறது. அதைக் குதிகாலோடு பிணைக்கும் தசைநாண் ரப்பர்போல் இழுபட்டு, சுருங்கும்போது உடலை மேலே வீசுகிறது. இத்தனையும் கால் நொடிக்குள் முடிய வேண்டும். தாமதித்தால் தேங்கிய ஆற்றல் வெப்பமாக வீணாகிவிடும்.

இனி, காய்ந்த மணலைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். துகள்கள் ஒன்றோடொன்று உரசி விலகும், குழி விழும். விரலை எடுத்தாலும் குழி குழியாகவே கிடக்கும். கடன் வாங்கிவிட்டு முகம் திருப்பிக்கொள்ளும் ஆளைப் போல, மணல் எதையும் திருப்பித் தராது. பாதம் புதையப் புதைய ஊன்றும் நேரம் நீள்கிறது. தசைநாண் செய்யும் வேலையும் தசையின் தலையில் விழுகிறது. கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாவதாக 1998-இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு ஒன்று அளந்து சொன்னது.

(அலை நனைத்த ஈர மணல் வேறு சாதி. துகள்களுக்கு இடையிலுள்ள நீர் அவற்றைப் பிடித்து வைத்திருப்பதால் அது கிட்டத்தட்டத் தரைதான். அதில் ஓடிவிட்டு மணல் பயிற்சி என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்!)

2008-இல் வெளியான ஓர் ஆய்வில் கால்பந்து வீரர்களை இரு அணியாகப் பிரித்து, நான்கு வாரம் ஓர் அணியை மணலிலும் மற்றதைப் புல்தரையிலும் தாவவிட்டார்கள். குறுந்தூர ஓட்டத்தில் இரு அணியும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. முழங்காலைச் சட்டென மடக்கி எகிறும் தாவலில் புல்தரை அணி முந்தியது. தசைவலி மட்டும் மணலில் குறைவு. விழும் வேகத்தை மணல் மெல்ல உள்வாங்கிக்கொள்கிறது அல்லவா?

காயத்திலிருந்து மீள்கிறவருக்கும், போட்டிப் பருவம் தொடங்குமுன் கால்வலு ஏற்றுகிறவருக்கும் மணல் நல்லதுதான். கணுக்கால் பிசகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் போட்டி நெருங்கும்போதும் மணலிலேயே கிடப்பது சரியில்லை என்பேன். பலகையில் கால் படும் நேரம் ஏறத்தாழ 0.12 நொடி. அந்த அவசரம் மணலில் பழகாது.