கொச்சி மழைக்கு ஜீன்ஸ் எதற்கு?

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கோவையில் இருக்கும் தோல் மருத்துவர்களுக்கு வேலை கூடும். கொச்சி இங்கிருந்து நான்கு மணி நேர ரயில் பயணம்தான். மழை பார்க்கப் போனவர்கள் பத்து நாள் கழித்துத் தொடையிடுக்கைச் சொறிந்தபடி என் முன்னால் வந்து உட்காருவார்கள்.

சென்ற ஆண்டு வந்த இளைஞருக்கு இரண்டு தொடைகளின் உட்பக்கமும் படர்தாமரை. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்த வட்டம். ஜீன்ஸின் முரட்டுத் தையல் உராயும் அதே இடம்.

"எத்தனை ஜீன்ஸ் கொண்டுபோனீர்கள்?"

"இரண்டு, டாக்டர். ஒன்று நனைந்தால் இன்னொன்று."

முதல் நாள் ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் ஒன்று நனைந்தது. மறுநாள் மட்டாஞ்சேரியில் மற்றொன்று. மூன்றாம் நாள், முதலாவதை அரை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறார்.

ஜூன் மாதக் கொச்சியில் குளிருக்குப் பயப்பட வேண்டாம். பகலில் 30 டிகிரியை ஒட்டியும் இரவில் 24 டிகிரி அளவிலும் இருக்கும். ஸ்வெட்டர் வீண் சுமை. சிக்கல் காற்றின் ஈரப்பதத்தில் இருக்கிறது. விடுதி அறையில் மின்விசிறிக்கடியில் விரித்துப் போட்டாலும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டையும் தையல்களும் லேசில் காயாது. ஈரமும் உடல் சூடும் உராய்வும் ஒன்றுசேரும் இடம் பூஞ்சைக்கு விளைநிலம்.

ஆண்டு முழுவதும் பருத்தி, பருத்தி என்று சொல்லும் நானே இந்தப் பயணத்துக்குக் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கால்சட்டை மெல்லிய பாலியஸ்டர் கலப்பில், தளர்வாக இருக்கட்டும். உள்ளாடை மட்டும் பருத்திதான். நாளுக்கு இரண்டு, நான்கு நாளுக்கு எட்டு. சிரிக்காதீர்கள், ஒரு ஜீன்ஸை வீட்டில் விட்டால் அத்தனைக்கும் பெட்டியில் இடம் கிடைத்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் மழைக்கோட்டு உள்ளே வியர்வையால் நனைக்கும். எனக்குக் குடையே மேல்.

காலுக்குக் கான்வாஸ் ஷூ வேண்டாம். சுண்டுவிரல் இடுக்கில்தான் சேற்றுப்புண் முதலில் வெளுத்து ஊறும். வார் வைத்த ரப்பர் செருப்பு போதும். உள்ளூர்க்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் செருப்பில்தான் நடக்கிறார்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

துண்டு ஆளுக்கொன்று. ஈரத் துணிக்குத் தனிப்பை. அதை வீடு திரும்பிய அன்றே பிரித்துத் துவைத்து வெயிலில் போடுங்கள்.

அந்த இளைஞர் என்னிடம் வருவதற்கு முன் மருந்துக்கடையில் ஒரு களிம்பைக் கேட்டு வாங்கிப் பூசியிருந்தார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, வட்டம் பெரிதானது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடும். பத்து ரூபாய் நாணயம் அளவில் தொடங்கியது உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. குணமாக இரண்டு மாதம் பிடித்தது.

கடைசியாகக் காட்ட வந்தபோதும் ஜீன்ஸில்தான் வந்தார். என் பார்வை போன இடத்தைக் கவனித்து, "நன்றாகக் காய்ந்ததுதான், டாக்டர்" என்றார்.