புரதக் கட்டுப்பாடு அன்று, புரதச் சீராக்கம்

"புரதக் கட்டுப்பாடு குலைவதால் புற்றுநோய் வருகிறது" என்று விழிப்புணர்வுத் துண்டறிக்கைகளில் எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். செல் தன்னுள் இருக்கும் புரதங்களின் அளவையும் வேலையையும் கூட்டிக் குறைப்பதைத்தான் அந்த வரி சொல்ல வருகிறது; படிப்பவருக்குப் புரிவது வேறு. தர்மபுரிப் பக்கம் கட்டுப்பாடு என்றால் ஒன்று ஊர்க் கட்டுப்பாடு, இல்லையேல் சர்க்கரைக்காரரின் உணவுக் கட்டுப்பாடு. இரண்டிலும் பொருள் 'கூடாது' என்பதே. இந்த வரியைப் படிக்கும் வீட்டில் நோயாளியின் தட்டிலிருந்து முட்டையும் கொள்ளும் போய், வெறும் களியும் ரசமும் மிஞ்சும். சிறுநீரகம் நன்றாக உள்ள புற்றுநோயாளிக்கு நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ என்றால் 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான்.

ஆங்கில மூலச்சொல் ரெகுலேஷன். லத்தீனில் 'ரெகுலா' என்பது நேர்கோடு போடும் கோல். கட்டுப்பாடோ கட்டு, பாடு சேர்ந்தது. வயலுக்குத் 'தண்ணி கட்டுறது' என்னும்போது கட்டு பாய்ச்சுவதைக் குறிக்கும்; பாடு சேர்ந்ததும் அந்தப் பொருள் போய்விடுகிறது.

செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தால் பிழை விளங்கும். செல் பிரிவதை நிறுத்தவல்ல புரதம் பி53. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம், அதன் மீது யுபிக்விட்டினைச் சங்கிலியாக ஒட்டும். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதம். அந்த அடையாளம் விழுந்த பி53-ஐ, செல்லுக்குள் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் அரைத்துவிடும். டிஎன்ஏ சேதமானால் கைனேஸ் என்னும் நொதிகள் பி53-இல் பாஸ்பேட் சேர்க்கும். எம்டிஎம்2-இன் பிடி தளரும். பி53 பெருகி, செல் பிரிவதை நிறுத்தும். சில புற்றுகளில் எம்டிஎம்2 மிகுந்து, வேண்டிய நேரத்திலும் பி53 அழிந்துபோகிறது. இங்கே கட்டு குலையவில்லை, இறுகிவிட்டது!

ராஸ் புரதம் நேரெதிர். ஜிடிபி (GTP) என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை 'பிரி' என்ற சமிக்ஞையை உள்ளே அனுப்பும். அதை வெட்டியதும் ஓயும். ராஸின் 12-ஆவது இடத்தில் உள்ள கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறினால் வெட்டும் திறன் குன்றி, சமிக்ஞை ஓயாது. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்து தண்ணீர் போனதே, அந்த நிலை. இறுகுவதும் உடைவதும் ஒரே சொல்லுக்குள் வர வேண்டும்.

'புரத ஒழுங்குமுறை' என்போர் இருக்கிறார்கள். அதுவும் பொருந்தாது. ஒழுங்குமுறை என்பது விதிகளின் தொகுப்பு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மஞ்சள் மூட்டையை எடைபோட்டு ஏலம்விட எழுதிவைத்த விதி உண்டு. எம்டிஎம்2 எந்த விதியையும் படிப்பதில்லை, அளவைக் கூட்டிக் குறைக்கிறது. இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு, ஒரு புரதம் அதிகமாவதை (ஆங்கிலத்தில் அப்ரெகுலேஷன்) 'மேல் ஒழுங்குமுறை' என்றும் 'மேல்நோக்கிய கட்டுப்பாடு' என்றும் பெயர்க்கிறார்கள். அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டுவது மொழிபெயர்ப்பு ஆகாது. வாக்கியத்தை உரக்க ஒருமுறை படித்திருந்தால் தாங்களே அடித்து நீக்கியிருப்பார்கள்.

சீராக்கம் என்பதே சரி. கூடினால் குறைப்பதும் குறைந்தால் கூட்டுவதும் அதில் அடங்கும். அதிகமாவதை ஏற்றம், குறைவதை இறக்கம் என்றால் போதும். இன்னொரு வலு: அது கெடுவதற்குச் சீர்கேடு என்ற சொல் தயாராக இருக்கிறது. சுகாதாரச் சீர்கேடு என்று ஊராட்சிப் பலகையில் படித்தவர் எவருக்கும் அதை விளக்க வேண்டாம்.

துண்டறிக்கையில் இப்படி அச்சிடலாம்: "செல்லுக்குள் சில புரதங்களின் அளவும் வேலையும் சீர்கெடுவதால் புற்றுநோய் உண்டாகிறது. இது நீங்கள் சாப்பிடும் பருப்பு, முட்டையைப் பற்றியது அல்ல. அவற்றை நிறுத்த வேண்டாம்."