பிரேக்கில் கால் இருக்கட்டும்

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் கராஜுக்கு ஒரு கார் வந்தது. முன் பம்பர் கிழிந்து, கிறிலில் இருந்த கம்பனிச் சின்னம் ஒரு பக்கமாகத் தொங்கியது. ஓட்டி வந்த பிள்ளைக்கு இருபத்துநாலு வயது இருக்கும், வெள்ளவத்தைப் பெடியன்.

"அண்ணை, பிரேக் பிடிக்கேல்லை."

"நீ மிதிச்சனியா?"

"இல்லை அண்ணை, தானாப் பிடிக்குதா எண்டு பாத்தனான்."

முன்னால் ஏதாவது வந்தால் கமராவும் ராடாரும் பார்த்துத் தானாகப் பிரேக் போடும் வசதி உள்ள கார் அது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அட்டைப் பெட்டி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தரம் நின்றதாம். மூன்றாம் தரம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் மதிலில் இடித்திருக்கிறது. (அட்டைப் பெட்டி ராடாருக்குக் கிட்டத்தட்ட இல்லாத பொருள் மாதிரி. முதல் இரண்டு தரம் நின்றதுதான் எனக்கு ஆச்சரியம்.) அதோடு விட்டானா? "நல்ல காலம் அண்ணை, நாலாவதாத் தம்பியை நிப்பாட்டுவம் எண்டு இருந்தனாங்கள்."

நன்றாக ஏசினேன். "தானாப் பிடிக்கும் எண்டு நினைச்சன்" என்ற கதையோடு இந்த மாதம் என்னிடம் வந்த மூன்றாவது வாகனம் இது. அதனால்தான் எழுதுகிறேன்.

2025இல் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கியதிலிருந்து கமராவும் ராடாரும் பூட்டிய கார்கள் கொழும்பில் கூடிவிட்டன. விற்கிற புரோக்கர், "அது செல்ஃப் டிரைவிங் மாதிரித்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறார். அந்த "மாதிரி" வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் உதிர்ந்துவிடுகிறது.

உலகம் முழுக்கத் தானியங்கி ஓட்டத்தை 0 முதல் 5 வரை படி பிரித்திருக்கிறார்கள். உங்கள் காரில் எத்தனை பொத்தான் இருந்தாலும் அது பெரும்பாலும் 2ஆம் படியைத் தாண்டாது. 2ஆம் படி என்றால், ஸ்டியரிங்கையும் வேகத்தையும் கார் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும், வீதியைப் பார்க்க வேண்டியது நீங்கள். இடித்தால் பொறுப்பும் உங்களுடையது. டெஸ்லா கார்களும் இதே 2ஆம் படிதான். பெயரிலேயே "முழுத் தானோட்டம்" என்று வைத்த அந்தக் கம்பனி 2024இல் அதற்குப் பக்கத்தில் "சாரதியின் கண்காணிப்பில்" என்று சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்திய டிசம்பரில், சாரதி வீதியைப் பார்க்கிறாரா என்ற சோதனை போதாது என்று அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 20 லட்சம் கார்களுக்குத் திருத்தம் செய்ய வேண்டி வந்தது.

"அப்ப யூடியூப்பில ஆளில்லாமல் ஓடுதே அண்ணை?" ஓடுகிறதுதான். ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ மாதிரி நகரங்களில் ஓடும் வேமோ டாக்சி 4ஆம் படி. தலையிலும் நாலு பக்கமும் லேசர், ராடார், கமரா. குறித்த எல்லைக்குள், ஒவ்வொரு வீதியையும் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு ஓடுகிறது. உங்கள் காரில் இருப்பது முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கமரா, முன்னால் ஒரு ராடார். சில பழைய சுசுகி வாகன் ஆர் கார்களில் அதுவும் இல்லை, ஒரு லேசர் மட்டும். மணிக்கு சுமார் 30 கி.மீ. தாண்டினால் அது பிரேக் போடாது, நடந்து போகும் மனிதரையும் கணக்கில் எடுக்காது.

உடம்பு முழுக்கக் கண் வைத்த காருக்கே என்ன நடந்தது தெரியுமா? 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபரின் சோதனைக் கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வீதியைக் கடந்தார். மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. ஓடிய வேகத்துக்கு, இடையில் நூறு மீற்றருக்கு மேல் இடம் இருந்தது. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறேதுமா என்று மாற்றி மாற்றி முடிவெடுத்து நேரத்தைத் தின்றது. மஞ்சள் கோடு (பாதசாரிக் கடவை) இல்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடப்பார் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கண்காணிக்க உட்கார்த்தி வைத்தவர் கைபேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இறந்தார். நீதிமன்றத்தில் போய் நின்றது சீட்டில் இருந்தவர்.

இனிப் புறக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். நாட்டாமி இழுத்துப் போகும் கைவண்டி, பத்தடிக் குழாயைக் குறுக்கே கட்டிய ஓட்டோ, பஸ்ஸுக்கு முன்னால் குதித்து இறங்குபவர். மஞ்சள் கோட்டில் கடக்கிற ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சரி, அடுத்த கோபம். முன் கண்ணாடி உடைந்தால் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில் வாங்கிப் பூட்டுகிறீர்கள். பூட்டுங்கள், மலிவுதான். ஆனால் கமராவைக் கழற்றி மாட்டினால் அதன் பார்வையைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். சமதளத்தில் காரை நிறுத்தி, டயர் காற்று அளந்து, முன்னால் அளவுப் பலகை வைத்துச் செய்யும் வேலை. சில கார்களை வீதியில் ஓட்டித்தான் சரிபார்க்க முடியும், அதற்கு வெள்ளைக் கோடு தெளிவாக இருக்கிற வீதியைத் தேடியே எனக்கு அரை நாள் போய்விடும். ஒரு பாகை பிசகினாலும் ஐம்பது மீற்றர் தூரத்தில் பார்வை கிட்டத்தட்ட 90 சென்ரிமீற்றர் விலகிப் போகும். ஓட்டோவைப் பார்க்க வேண்டிய கார் பக்கத்து மதிலைப் பார்க்கும். ஜப்பானில் 2020 ஏப்ரலிலிருந்து இந்த வேலைக்குத் தனி அங்கீகாரம் வேண்டும். இங்கே கண்ணாடி ஒட்டிய பசை காயுமுன் கார்த் திறப்பைக் கையில் தந்துவிடுகிறார்கள்.

முன் சின்னமும் அப்படித்தான். பல கார்களில் அதற்குப் பின்னால்தான் ராடார் இருக்கிறது. உடைந்தால் அதே வகையைப் போடுங்கள். மேலே குரோம் ஸ்ரிக்கர் ஒட்டாதீர்கள். பம்பருக்கு முன்னால் இரும்புக் காவல் கம்பி பூட்டிவிட்டு, "வார்னிங் லைட் எரியுது" என்று என்னிடம் வராதீர்கள்.

கோவிலில் பூசை முடித்துக் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். நானும் வைக்கிறவன்தான். பின்னால் பார்க்கிற உள் கண்ணாடிக்கு மேலே, கமரா எட்டிப் பார்க்கும் அந்த உள்ளங்கையளவு இடத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு பெரியவர் வார்னிங் விளக்கு அணையவில்லை என்று இரண்டு கராஜ் ஏறி இறங்கிவிட்டு என்னிடம் வந்தார். ஈரத் துணியால் திருநீற்றைத் துடைத்தேன். விளக்கு அணைந்தது. காசு வாங்கவில்லை.

டாஷ்போர்டில் ஜப்பான் எழுத்தில் மஞ்சளாக ஏதாவது வந்தால், பொத்தானை அமத்தி மறைக்காமல் படம் எடுத்து யாரிடமாவது காட்டுங்கள். கடும் மழையிலும், சூரியன் நேரே முகத்தில் அடிக்கும் நேரத்திலும் கமரா குருடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதிவேகப் பாதையில் குரூஸ் (வேகத்தைத் தானாகப் பிடித்து ஓடும் வசதி) போட்டாலும் முன்னால் நின்றுபோன லொறிக்கு நீங்களே பிரேக் பிடியுங்கள். நிற்கிற பொருளைச் சில கார்கள் கவனிக்காது என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, ஜப்பானிய மொழியில். மணிக்கு 100 கி.மீ.யில் இரண்டு வினாடி கைபேசியைப் பார்த்தால் 55 மீற்றர் போய்விடும்.

அப்புறம், ஆளை நிறுத்திச் சோதித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். பிள்ளைகளே, கும்பிட்டுக் கேட்கிறேன்.

வெள்ளவத்தைப் பெடியனின் கார் நாளைக்குத் தயார். சின்னம் சரியான வகைதான் போட்டிருக்கிறேன், ராடாரையும் நேராக்கியாயிற்று. எடுக்க வரும்போது தம்பியையும் கூட்டிவரச் சொன்னேன். காருக்கு முன்னால் நிற்க ஓமென்று சொன்னவனுக்கும் கொஞ்சம் ஏச வேண்டியிருக்கிறது.