அச்சுக்கட்டையில் சாயம் இல்லை: அஜ்ரக் சிவக்கும் விதம்

குஜராத்தின் கட்ச் பகுதியில் கால்நடை மேய்க்கும் மால்தாரி ஆண்களின் துணி அஜ்ரக். அடர்சிவப்பு, கருநீலம், நடுவே கறுப்புக் கோடு, வெள்ளைப் புள்ளி. இடுப்பில் லுங்கி, தோளில் துண்டு, வெயில் ஏறினால் முண்டாசு. அச்சிடுவது கத்ரி சமூகத்தார். அவர்களின் முன்னோர் இன்று பாகிஸ்தானில் இருக்கும் சிந்து மாகாணத்திலிருந்து வந்தவர்கள்.

அவர்கள் வேலை செய்வதை முதல்முறை பார்ப்பவருக்குக் குழப்பம்தான் மிஞ்சும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம் வைக்கமாட்டார்கள். அங்கே பதிவது படிகாரக் கரைசல். அதற்கு நிறமே கிடையாது. அச்சு விழுந்த இடம் கண்ணுக்குத் தெரியட்டும் என்றுதான் கொஞ்சம் காவிமண் சேர்க்கிறார்கள்.

இதற்குக் காரணம் பருத்தி. பட்டும் கம்பளியும் புரதம் என்பதால் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். பருத்தியில் இருப்பது செல்லுலோஸ். பல தாவரச் சாயங்களுக்கு அது பிடிகொடுக்காது. அலசினால் நிறம் போய்விடும். ஆகவே நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்த வேலையைச் செய்பவை உலோகங்கள்.

முதலில் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கிறார்கள். கடுக்காயைக் கடித்தால் நாக்கைச் சுருக்குமே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் உலோகத்தை அது பற்றிக்கொள்ளும். வெள்ளையாகவே இருக்கவேண்டிய கோடுகளில் சுண்ணாம்பும் பிசினும் கலந்த பசையை அச்சிடுவார்கள். அங்கே எதுவும் ஏறாது.

கறுப்புக்கு இரும்பு. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் ஊறவிடுகிறார்கள். வெல்லம் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கிறது. அந்தக் கரைசலைப் புளியங்கொட்டை மாவால் கெட்டியாக்கி அச்சிட்டால், டானினோடு இரும்பு சேர்ந்து கறுத்துவிடும். வீட்டிலேயே பார்க்கலாம்: கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த வெள்ளைத் துணியில் துருப்பிடித்த ஆணியை ஈரத்தோடு வைத்தால், ஆணியைச் சுற்றிக் கறுப்பு படரும்.

நீலத்தின் கதை வேறு. அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. ஆக்சிஜன் இல்லாத காரத் தொட்டியில் அதன் மூலக்கூறு ஒடுக்கம் அடைந்து கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. சிவக்கவேண்டிய பகுதிகளைக் களிமண் பசையால் மூடிவிட்டுத் துணியைத் தொட்டியில் முக்குவார்கள். வெளியே எடுக்கும்போது அது பச்சையாக இருக்கும். பிறகு காற்றுப் பட்ட பக்கமெல்லாம் பச்சை மங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் பரவும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த மூலக்கூறை மீண்டும் கரையாத நீலமாக்கி, இழைகளுக்குள்ளேயே பூட்டிவிடுகிறது. இந்தச் சில நிமிடங்களை விட அழகான வேதியியல் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைசியில் செப்புப் பாத்திரத்தில் கொதிக்கும் சாயத்தில் முழுத் துணியையும் போடுகிறார்கள். அதில் இருப்பது ஒரே சாயம், அலிசரின். படிகாரத்தின் அலுமினியம் இருக்கும் இடத்தில் அதனோடு சேர்ந்து சிவக்கும். இரும்பு இருக்கும் இடத்தில் கறுப்பு இன்னும் ஆழமாகும். சுண்ணாம்பு காத்த கோடு வெள்ளையாகவே வரும். நம் கடற்கரைச் சாயக்காரர்கள் பயன்படுத்திய சாயவேரிலும் இதே அலிசரின்தான். 1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் இருவரும் இதை ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள். வேர் இல்லாமலும் சிவப்பு கிடைத்தது. உலோகத்தின் வேலை மட்டும் மாறவில்லை.

இழை, உலோகம், சாயம் மூன்றும் சேர்ந்து உருவாகும் சேர்மம் தண்ணீரில் கரையாது. கெய்ரோவை ஒட்டிய ஃபுஸ்தாத்தில் கிடைத்த, இடைக்காலத்தில் குஜராத்தில் அச்சிட்ட பருத்தித் துண்டுகளில் இன்றும் சிவப்பு தெரிவது அதனால்தான்.

இந்த வேதியியலே ஒரு ஊரை இடம்பெயரவும் வைத்தது. கத்ரிகளின் தமட்கா கிராமத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்துக்குப் பிறகு நிலத்தடி நீரில் இரும்பு கூடிவிட்டது. குடிப்பவருக்குக்கூட அது பெரிய மாற்றமாகத் தெரியாமல் போகலாம். அலிசரினுக்குத் தெரியும். அச்சில் வரவேண்டிய இரும்பு அலசும் தண்ணீரிலேயே வந்ததால், சிவப்பு மங்கிப் பழுப்படித்தது. பல குடும்பங்கள் நல்ல தண்ணீரைத் தேடிப் புறப்பட்டன. புஜ் நகருக்கு அருகே அவர்கள் அமைத்த புது ஊருக்குத் தங்கள் துணியின் பெயரையே வைத்தார்கள்: அஜ்ரக்பூர்.