பொதுநன்மை நிறுமம்: ‘பொதுநல நிறுவனம்’ ஏன் பொருந்தாது?

2025 அக்டோபர் இறுதியில், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டபோது, அது ‘பொதுநல நிறுவனமாகிவிட்டது’ என்று தொலைக்காட்சியில் வாசித்தார்கள். சில நாளில் என்னிடம் மெய்ப்புப் பார்க்க வந்த கட்டுரையிலோ அது ‘தொண்டு நிறுவனம்’ ஆகியிருந்தது. நடந்தது ஏறக்குறைய நேர்மாறானது. 2015இல் இலாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கி, 2019இல் முதல் சுற்று முதலீட்டாளர்களின் ஆதாயத்துக்கு நூறு மடங்கு என்று உச்சவரம்பு வைத்துத் துணை நிறுவனம் ஒன்றை உருவாக்கிய ஓபன்ஏஐ, இப்போது அந்த வரம்பையும் விலக்கி, அத்துணை நிறுவனத்தை ‘பப்ளிக் பெனிஃபிட் கார்ப்பரேஷன்’ என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இதைத்தான் ‘பொதுநன்மை நிறுமம்’ என்று எழுத வேண்டும் என்கிறேன். மாற்றத்தின்போது தாய் அமைப்பான இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு ஏறத்தாழ 26 விழுக்காடும் மைக்ரோசாஃப்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடும் பங்கு கிடைத்தன. இந்த மாற்றத்தைத் தொண்டு என்று எழுதினால் செய்தியே பொய்யாகிவிடுகிறது.

‘பெனிஃபிட்’ என்பது ‘நன்றாகச் செய்தல்’ என்னும் இலத்தீன் தொடரிலிருந்தும், ‘கார்ப்பரேஷன்’ உடலைக் குறிக்கும் ‘கார்ப்பஸ்’ என்னும் சொல்லிலிருந்தும் வந்தவை. சட்ட வடிவம் மிகப் புதியது: அமெரிக்க மாநிலங்களில் மேரிலாந்து 2010இல் இதை ஒத்த சட்டத்தை இயற்றியது, டெலவேர் 2013இல் இயற்றியது. கிளாட் என்னும் செயற்கை நுண்ணறிவை உருவாக்கும் ஆந்த்ரோபிக் நிறுவனமும் டெலவேர் சட்டப்படி இவ்வடிவில் பதிவானதே. பங்குதாரர்களின் பண ஆதாயம், நிறுவனத்தின் செயலால் பாதிக்கப்படுவோரின் நலன், சாசனத்தில் குறித்த பொதுநன்மை ஆகிய மூன்றையும் இயக்குநர்கள் சீர்தூக்கி நடத்த வேண்டும் என்பதே டெலவேர் சட்டத்தின் சாரம்.

‘பொதுநலம்’ என்ற சொல்லில்தான் என் மறுப்பு முழுவதும் இருக்கிறது. தமிழில் பொதுநலத்துக்கு எதிர்ச்சொல் தன்னலம். பொதுநலவாதி என்றால் தனக்கென எதையும் தேடாதவர் என்றும், பொதுநல வழக்கு என்றால் தொடுத்தவருக்குத் தனி ஆதாயம் இல்லாதது என்றும் ஒவ்வொருவரும் புரிந்துகொள்கிறோம். அந்தச் சொல்லைச் செயற்கை நுண்ணறிவை விற்றுப் பொருளீட்டும் நிறுவனத்தின் மீது ஒட்டினால், சட்டம் கேட்காத துறவை அதற்கு நாமே வழங்கிவிடுகிறோம். நன்மைக்கு எதிர்ச்சொல் தீமைதான். தான் ஆதாயம் பெற்றுக்கொண்டே பிறருக்கு நன்மை செய்யலாம் என்பதற்கு அச்சொல்லில் இடமிருக்கிறது, இந்த வடிவம் சொல்வதும் அதையே. ‘இலாப நோக்கற்ற’ என்பது இன்னும் பெரிய பிழை. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் பதிவாகும் நிறுமம் உபரி ஈட்டலாம், ஆனால் உறுப்பினர்களுக்குப் பங்காதாயம் தரக்கூடாது. பங்காதாயம் தரத் தடையில்லாத ஒன்றையும் அதையும் ஒரே பெயரால் அழைக்கும் மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்தார், சட்டத்தைப் பார்க்கவில்லை.

‘பொதுநன்மைக் கழகம்’ என்பார் சிலர். போக்குவரத்துக் கழகம், நுகர்பொருள் வாணிபக் கழகம் என்று பழகிய காதுக்கு அது அரசு நிறுவனமாகவே ஒலிக்கும். ‘நிறுவனம்’ பள்ளி, ஆய்வகம், அறக்கட்டளை எல்லாவற்றுக்கும் பொதுவானது. வணிகவியல் பாடநூல்கள் கம்பெனிக்கு ஆளும் ‘நிறுமம்’ நம்மிடம் இருக்க, அதைத் தவிர்க்கக் காரணமில்லை. ‘பொதுநன்மை’ என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால், பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ‘பொது நிறுமம்’ என்ற பாடநூல் சொல்லோடு குழம்பும்.

அந்த மெய்ப்பில் ‘தொண்டு நிறுவனம்’ வந்த இடங்களையெல்லாம் அடித்து ‘பொதுநன்மை நிறுமம்’ என்று எழுதினேன். முதல் இடத்தில் மட்டும், ‘இலாபம் ஈட்டும் உரிமையோடு பொதுநன்மையையும் கருதச் சட்டப்படி கடமைப்பட்ட நிறுமம்’ என்ற விளக்கத்தை ஓரத்தில் சேர்த்து அனுப்பினேன்.