60–0 வந்தால் மீதிப் பேர் எங்கே?

2024 நவம்பர் 10 ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு, மறுநாள் எண்ணிக்கை. மொரீஷியஸ் தீவின் 60 நாடாளுமன்ற இடங்களையும் ஒரே கூட்டணி அள்ளிக்கொண்டு போனது. அந்த வாரம் கோவிலில் யாரைப் பார்த்தாலும் "நாடே ஒரு பக்கம் சாஞ்சுடுச்சு" என்றுதான் பேச்சு. வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் பணி பார்த்தவன் நான். வாக்குச்சாவடியிலும் இருந்திருக்கிறேன், எண்ணும் இடத்திலும் இருந்திருக்கிறேன். நாடு ஒன்றும் அப்படிச் சாய்ந்துவிடவில்லை. தோற்ற கூட்டணிக்கு நாலில் ஒருவருக்கு மேல் வாக்களித்திருந்தார்கள். தேர்தலில் ஜெயித்து வந்தவர் என்று அவர்கள் பக்கம் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதல்ல. 1982இல் சுமார் 64 சதவீத வாக்குக்கு 60 இடம். 1995இல் சுமார் 65 சதவீதத்துக்கு அதே 60. காரணம் வாக்குச்சீட்டிலேயே இருக்கிறது. தீவின் 20 தொகுதிகளுக்கும் தலா மூன்று உறுப்பினர்கள், நாம் மூன்று பேருக்குக் குறி போடுகிறோம். ஒரு தொகுதியில் நூற்றுக்கு 55 பேர் ஒரே அணியின் மூன்று பேருக்கும் போட்டால் மூன்று இடமும் அந்த அணிக்கு. மற்ற 45 பேருக்கு ஒன்றுகூடக் கிடையாது. அதே காற்று 20 தொகுதியிலும் அடித்தால் 60–0.

எண்ணும் மேசையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சீட்டை விரித்ததும் மூன்று குறியும் ஒரே சின்னத்தின் ஆட்கள்மேல் இருந்தால் முகவர்கள் 'ப்ளோக்' என்று நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு சாவிச் சின்னத்துக்கு, ஒன்று சூரியன் சின்னத்துக்கு என்று கலந்து வந்தால் 'கூப்பே-த்ரான்ஷே'. உடனே மூன்று தலைகள் சீட்டின்மேல் குனியும். நம் தமிழர்கள் பலர் இரண்டாவது வகை. எந்தத் தொகுதியிலும் நாம் பெரும்பான்மை இல்லை. அரசியலமைப்பின் சமூகவாரிக் கணக்கில் தமிழர் தனிப் பிரிவும் இல்லை, இந்துக்களோடு சேர்த்தே எண்ணப்படுகிறோம். அதனால் "நம்ம ஆள் யாரு நிக்கிறாங்க?" என்று தேடி ஒரு குறி, மீதி இரண்டு கூட்டணிக்கு. கட்சிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். மூவரில் ஒரு தமிழரை நிறுத்துவது அந்த இரண்டு குறிக்காகவும்தான் என்பது என் எண்ணம்.

எங்கள் சாவடியில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு ஒருத்தரைத்தான் பிடிக்கும், ஒண்ணு மட்டும் போட்டாப் போதுமா தம்பி?" போதாது அம்மா. மூன்று குறி இல்லாவிட்டால் சீட்டே செல்லாது. பிடித்த அந்த ஒருவருக்கும் போய்ச் சேராது. நாலு போட்டாலும் அதே கதிதான்.

அப்புறம், "இது அவங்க கோட்டை, நான் போட்டு என்ன ஆகப்போகுது?" என்பவர்கள். ஐந்தாம் எண் தொகுதியைப் பாருங்கள், பாம்ப்லெமூஸ்–த்ரியோலே. 1982இல் பிரதமராக இருந்த சர் சிவசாகர் ராம்கூலம் அங்கேதான் தோற்றார். 2014இல் அவர் மகன் நவீன் ராம்கூலம், அவரும் பிரதமராக இருந்தபோது, அதே தொகுதியில் தோற்றார். பத்து வருடம் கழித்து அதே ஐந்தாம் எண்ணில் ஜெயித்து மறுபடி பிரதமர். அதே 2024இல் எட்டாம் எண்ணில், கார்த்தியே மிலித்தேர்–மோக்காவில், பதவியில் இருந்த பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் தோற்றார். பிரதமரின் தொகுதிக்கே இந்த கதி என்றால் கோட்டை என்று எதைச் சொல்வது?

தோற்றவருக்குப் போட்ட வாக்கும் வீண் இல்லை. தோற்றவர்களிலிருந்து எடுத்து நிரப்பும் 'பெஸ்ட் லூசர்' இடங்கள் எட்டு வரை உண்டு. குறைவாக இடம் பெற்ற சமூகத்தில், தோற்றவர்களுக்குள் யார் அதிக சதவீதம் வாங்கினார் என்று பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். முழு அலை அடித்த வருடங்களில் நாலுதான் நிரம்பியது. மற்ற நாலு இடங்களும், கட்சிகளுக்குள் இருக்கும் விகிதம் மாறாமல் இருப்பதற்கானவை. ஜெயித்த கூட்டணியில் தோற்றவரே இல்லாதபோது யாருக்குக் கொடுப்பது? 2024இல் எதிர்க்கட்சித் தலைவர் ஆனவர்கூட இந்த வழியில் உள்ளே வந்தவர்தான்.

இந்தத் தேர்தல் முறையை மாற்றச் சொல்லி 2002இல் தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையிலான ஆணையம், விகிதாசார முறையில், அதாவது வாக்கு சதவீதத்துக்கு ஏற்ப, 30 இடங்கள் சேர்க்கப் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரியில். அரசியலமைப்பின் முக்கியப் பகுதிகளைத் திருத்த முக்கால்வாசி உறுப்பினர்கள் வேண்டும். அந்தப் பலத்தை இந்த முறையே தூக்கிக் கொடுக்கிறபோது, அதை வைத்து இந்த முறையை மாற்ற யாருக்கு மனசு வரும்?

பெரிய அலை நிலைத்து நிற்கும் என்பதும் இல்லை. 1982இல் வந்த கூட்டணி 1983 மார்ச்சில் உடைந்தது, ஆகஸ்டில் மறுபடி தேர்தல். 1995 கூட்டணி 1997இல் பிரிந்தது. இரண்டு முறையும் பலமான எதிர்க்கட்சி ஆளுங்கட்சிக்குள்ளிருந்தே முளைத்தது.

அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், குறிப்பாக வீடு மாறியவர்கள். ரோட்ரிக்ஸ் தீவில் சொந்தக்காரர்கள் இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: அங்கே மூன்று இல்லை, இரண்டு குறி.