ரிட்டர்ன் லாட்டில் புதையல் இல்லை, தம்பி

போன வியாழக்கிழமை காலை ஆரணியிலிருந்து ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து எங்கள் குடோன் வாசலில் நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. பின்னால் தார்ப்பாயும் கயிறும் தயாராக இருந்தன. "சார், லோடு ஏத்த வந்திருக்கோம்" என்று செல்போனில் ஒரு பில்லைக் காட்டினார்கள். 'கலப்பு ரிட்டர்ன் சரக்கு, 50 பெட்டி, ரூ. 38,000.' எங்கள் முகவரி எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன், 14 இலக்கம்தான் இருந்தது. 15 இருக்க வேண்டும். பணம் முந்தின வாரமே யுபிஐயில் போய்விட்டது.

இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர்கள் மூன்றாவது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆன்லைன் சந்தை நிறுவனத்தின் குடோனில், வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் சரக்கைப் பார்க்கிற ரிட்டர்ன் பிரிவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ரிட்டர்ன் சரக்கு மலிவு விலைக்கு என்று விளம்பரம் போட்டு, எங்கள் முகவரியில் போலி பில் கொடுத்து, பணத்தைப் பிடுங்கிக்கொண்டு மறைந்துவிடுவான், இதுதான் மோசடி. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் விளம்பரம் வரிசையில் நிற்கும். எனக்கு ஆத்திரம் வருவது ஏமாந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லும் ஒரு வரியால்தான்: "கஸ்டமர் பிரிக்காமலே திருப்பி அனுப்புன சரக்கு சார், வைக்க இடமில்லாம அடிமாட்டு விலைக்குத் தள்ளுறீங்கன்னு சொன்னாங்க."

பிரிக்காத பெட்டியை நாங்கள் ஏன் தள்ள வேண்டும்? கேஷ் ஆன் டெலிவரி போட்டவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார், பார்சல் திரும்பி வருகிறது. டேப் கிழியவில்லை, எடை சரியாக இருக்கிறது. ஸ்கேன் செய்தால் திரும்ப ரேக்குக்குப் போய்விடும், நாளைக்கே முழு விலைக்கு இன்னொருவர் வாங்குவார். இதை எவனாவது பாதி விலைக்குக் கொடுப்பானா?

இன்னொன்று, சரக்கு எங்களுடையதே இல்லை. அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் சந்தை நிறுவனம் தானே சரக்கை வாங்கி வைத்து விற்கக் கூடாது என்பது விதி. 2018 டிசம்பரில் வந்த அறிவிப்பு அதை இன்னும் இறுக்கியது. நாங்கள் வைத்திருப்பது விற்பனையாளர்களின் பொருள். திரும்பி வந்தாலும் அது அவர்களுடையதுதான். அதை வாசலில் நின்று வருகிறவர் போகிறவருக்கு விற்க எனக்கும் அதிகாரம் இல்லை, என் மேனேஜருக்கும் இல்லை.

சரி, பிரித்த பெட்டி? அதையும் பார்த்துவிடுவோம். அன்றைக்குக் காலை மேசையில் இருந்த ஒரு மிக்ஸி. வெளிப்பெட்டி புத்தம் புதிது. ஜாரைத் திறந்து மூடியின் ரப்பரை நகத்தால் தூக்கினால் காய்ந்த தேங்காய்ச் சட்னி. தலைகீழாகக் கவிழ்த்தால் அடியில் மோட்டாரோடு பொருந்தும் கப்ளரில் ஒரு பல் உடைந்திருக்கிறது. மோட்டார் அடியில் உள்ள சீரியல் எண்ணும் பெட்டியில் உள்ளதும் வேறு வேறு. புது மிக்ஸியை வைத்துக்கொண்டு பழையதை அனுப்பியிருக்கிறார் யாரோ ஒரு புண்ணியவான். (செல்போன் பெட்டியில் சோப்புக் கட்டி வந்ததுண்டு. பெட்டியைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிடும், சோப்பு ஆடும்.)

இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துத் தரம் பிரிக்கிறோம். நல்லது விற்பனையாளருக்கு. சரிசெய்யக்கூடியது கம்பெனிக்கோ, பழுது நீக்கி மறுபடி விற்கிற ரீஃபர்பிஷ்காரருக்கோ. உள்ளாடை, திறந்த அழகுசாதனம், தேதி முடிந்த தின்பண்டம் எல்லாம் அழிப்புக்கு. உப்பிய பவர் பேங்கைத் தனியாக மணல் வாளியில் வைத்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்கிறோம். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதைத்தான் வியாழன்தோறும் லாட்டாக, அதாவது மொத்தக் கட்டாக, ஏலத்தில் கழிக்கிறோம், தேங்கினால் பெட்டி அடுக்கும் ஒவ்வொரு பேலட்டுக்கும் இடவாடகை ஏறிக்கொண்டே போகும். மாவு சலித்த பிறகு சல்லடையில் நிற்கும் கப்பி இருக்கிறதே, அதுதான் லாட்.

அதையும் வாங்கி வியாபாரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஜிஎஸ்டி பதிவோடு ஏலத்தில் எடுக்கிறார்கள். பத்து மிக்ஸியைப் பிரித்து ஆறாகச் சேர்க்கத் தெரிந்த மெக்கானிக் அவர்களிடம் இருக்கிறார். ஒரு லாட்டில் கைக்காசு போனாலும் அடுத்ததில் எடுத்துவிடுவார்கள். நகையை அடகு வைத்து முதல் லாட் வாங்குகிறவரால் அது முடியாது.

அப்படியும் வாங்கித்தான் தீருவேன் என்றால் கேளுங்கள். மேனிஃபெஸ்ட் இல்லாத லாட்டைத் தொடாதீர்கள். எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தரம் என்ற பட்டியல் அது. உள்ளே என்ன இருக்கிறது என்றே சொல்லாத 'மிஸ்டரி பாக்ஸ்' என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 'டோக்கன்' என்று ஐந்நூறு ரூபாய் கேட்டாலும் கண்ணால் சரக்கைப் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். வீடியோ காலில் குடோனைக் காட்டுவான், எவன் குடோனை வேண்டுமானாலும் காட்டலாம். ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் தட்டிப் பாருங்கள், அரை நிமிட வேலை. செல்போன் என்றால் அதன் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை, முன்னால் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் தட்டி, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டு என்று முடக்கிய போனா என்பது தெரியும். பழைய ஆளின் கூகுள் கணக்கு பூட்டியிருக்கிற போனை வாங்கினால் அதைப் பேப்பர் வெயிட்டாகத்தான் வைக்கலாம். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை எடுத்துக் கடையில் அடுக்காதீர்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். மாட்டினால் அபராதம் உங்களுக்கும் விழும், லாட் விற்றவனைக் கைகாட்டித் தப்ப முடியாது.

திருப்பி அனுப்புகிற மகராசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். போனை, டேப்லெட்டை ரீசெட் செய்துவிட்டு அனுப்புங்கள் அம்மா. உங்கள் வீட்டுக் காதுகுத்துப் படங்களை நாங்கள் பார்க்க வேண்டாமே.

ஆரணிக்காரர்களை செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்து, அங்கிருந்தே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் போட்டோம். பணம் போன நிமிடமே கூப்பிட்டிருந்தால் வழியிலேயே முடக்கப் பார்ப்பார்கள். இவர்கள் ஒரு வாரம் கழித்துக் கூப்பிடுகிறார்கள். புகார் எண்ணை அந்தப் பெண் பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டது. கணவர் இன்னமும் உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுல ஒண்ணு கூட எங்களோடது இல்லையா சார்?" என்று கேட்டார்.